பிளஸ் டூ வரலாற்றுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி? நம் கோட்டையில் இருந்து தொடங்குவோம்

வேலூர், காட்பாடி, அணைக்கட்டுப் பக்கம் மாலையில் டியூஷன் எடுக்கிறவர்களுக்கும், இந்த வருடம்தான் முதன்முதலாகப் பிளஸ் டூ வரலாறு எடுக்கப்போகிற ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நான் பாடம் எடுக்க வந்த முதல் வருடம், கேள்வி பதிலாக நோட்ஸ் சொல்லி, பிள்ளைகளை மக்கடிக்க வைத்தேன். நன்றாகப் படிக்கிற மாணவி ஒருத்தி, முதல் வரி மறந்துபோனதால் ஐந்து மார்க் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். வெளியே வந்ததும் அதே பாடத்தைக் கதையாகச் சொல்லச் சொன்னேன். தடங்கலே இல்லாமல் சொன்னாள்! அன்றைக்கே நோட்ஸ் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒன்றுக்கு அடுத்து ஏன் இன்னொன்று நடந்தது என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்பதுதான் நான் இப்போது செய்யும் வேலை.

1. வினாத்தாளை முதல் நாளே கையில் கொடுங்கள்

எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. ஒரு மார்க் கேள்விகள் 20. இரண்டு மார்க்கில் 7, மூன்று மார்க்கில் 7, ஐந்து மார்க்கில் 7 எழுத வேண்டும். இதைப் பலகையில் எழுதி, பிள்ளைகளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 35 மதிப்பெண் ஐந்து மார்க்கில்தான் இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே வரட்டும்.

நேரம் மூன்று மணி. நான் பிரித்துக் கொடுப்பது இப்படி: ஒரு மார்க்குக்கு 20 நிமிடம், இரண்டு மார்க்குக்கு 25, மூன்று மார்க்குக்கு 40, ஐந்து மார்க்குக்கு 80. மிச்சம் 15 நிமிடம் திரும்பப் படிக்க.

2. பாடங்களைப் பிரிப்பது

மொத்தம் 15 பாடங்கள். முதல் ஒன்பது இந்தியா, மற்ற ஆறும் உலகம். உலகப் பாடங்களைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். அரையாண்டுக்கு அப்புறம் திருப்புதல் தேர்வுகள் வரிசையாக வந்துவிடும், பிரெஞ்சுப் புரட்சியை ஆற அமர நடத்த நேரமே கிடைக்காது.

3. கோட்டையில் ஒரு காலை

இதுதான் முக்கியமான படி. 1806 வேலூர்ப் புரட்சி பிளஸ் ஒன் பாடத்தில் வருவது, பிளஸ் டூவில் நேரடியாகக் கேட்கமாட்டார்கள். ஆனாலும் காரணம், நிகழ்வு, விளைவு என்று பிரித்துப் பார்க்கப் பழக நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் கோட்டை வந்துவிடுகிறது.

ஆளுக்கு ஏழு துண்டு அட்டை கொடுங்கள். அகழி ஓரமாக நிழலில் உட்கார வைத்து, ஒரு அட்டையில் ஒரு செய்தி மட்டும் எழுதச் சொல்லுங்கள்:

1799: திப்பு சுல்தான் வீழ்ச்சி. அதன் பிறகு அவர் குடும்பம் இதே கோட்டைக்குள் கொண்டுவந்து வைக்கப்படுகிறது.
1801: பாளையக்காரர்கள் ஒடுக்கப்படுகிறார்கள்.
1805 நவம்பர்: படைத்தலைவர் ஜான் கிரடாக் காலத்தில் புதிய விதிகள். சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும்.
1806 மே: தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடி.
1806 ஜூலை 10: விடியும் முன்பே எழுச்சி. கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் கொல்லப்படுகிறார். மைசூரின் புலிக்கொடி ஏறுகிறது.
அன்று காலையே: ஆற்காட்டில் இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வருகிறார். எழுச்சி அடக்கப்படுகிறது.
அதன் பிறகு: விதிகள் ரத்து. திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்படுகிறார்கள். 1807இல் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்படுகிறார்.

அட்டைகளைக் குலுக்கிவிட்டு, ஒரு கயிற்றில் துணி கிளிப்பால் வரிசையாக மாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு இரண்டு அட்டைக்கும் நடுவில் நின்று, "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். ஒருமுறை ஒரு பையன், "மிஸ், தலைப்பாகைக்காகவா இவ்ளோ பெரிய சண்டை?" என்றான். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண், "அது நெருப்புக்குச்சி. விறகு 1799லேயே அடுக்கியாச்சு" என்றாள். எங்கள் வகுப்பில் அன்றிலிருந்து உடனடிக் காரணத்துக்கு ‘நெருப்புக்குச்சி’, நீண்டகாலக் காரணத்துக்கு ‘விறகு’ என்றுதான் பெயர். முதல் உலகப்போர் நடத்தும்போது, சரயேவோவில் நடந்த கொலை நெருப்புக்குச்சி, கூட்டணிகளும் ஆயுதப் போட்டியும் விறகு என்று அவர்களே பிரித்துவிடுகிறார்கள்.

4. கயிற்றில் இருப்பதை விடைத்தாளுக்கு மாற்றுவது

பேசத் தெரிந்த பிள்ளைகள்கூட எழுதும்போது இப்படி எழுதுவார்கள்: "1806இல் வேலூரில் புரட்சி நடந்தது. புதிய தலைப்பாகை கொண்டுவந்தனர். சிப்பாய்கள் கோபம் அடைந்தனர்." மூன்றும் சரி. ஆனால் மூன்றும் தனித்தனியாகக் கிடக்கின்றன. சிவப்பு மையால் அடிக்காதீர்கள். பென்சிலால் வரிகளுக்கு நடுவே ஒரு கொக்கி போட்டு, அந்த இடத்தில் இணைப்புச் சொல் எழுதச் சொல்லுங்கள். திருத்தியது இப்படி வரும்: "தோல் சின்னம் வைத்த தலைப்பாகை இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவரின் நம்பிக்கைக்கும் எதிராக இருந்தது. இதனால் அவர்கள் அதை அணிய மறுத்தனர். மறுத்தவர்களுக்குக் கிடைத்த கசையடி, அதிருப்தியை எழுச்சியாக மாற்றியது."

ஐந்து மார்க்குக்கு ஒன்றரைப் பக்கம் போதும். சின்னத் துணைத்தலைப்புகள், அடிக்கோடு, ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே காரணத்தோடு இரண்டு மூன்று வரி.

5. அதே கயிறு, பிளஸ் டூ பாடம்

இரண்டாம் பாடத்துக்கு: 1905 வங்கப் பிரிவினை, சுதேசி இயக்கம், 1906இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908இல் கோரல் ஆலை வேலைநிறுத்தம், அதே ஆண்டு மார்ச்சில் வ.உ.சி. கைது. வங்காளத்தில் எடுத்த முடிவு எப்படித் தூத்துக்குடித் துறைமுகம் வரை வந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம், வீணாகாது.

ஊர்ப் பெயர் வருகிற இடத்தை விடவே விடாதீர்கள். 1940இல் தனிநபர் சத்தியாகிரகக் காலத்தில் கைதான காமராஜர் வேலூர் சிறையில்தான் இருந்தார். 1954இல் முதலமைச்சரானதும் அவர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது குடியாத்தத்தில். குடியாத்தம் பிள்ளைகள் இருந்தால் முகத்தைப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

6. எழுதிப் பார்ப்பது

வாரம் ஒரு ஐந்து மார்க் கேள்வி, 11 நிமிடம், கடிகாரம் வைத்து. அன்றைக்கே திருத்திக் கொடுங்கள், மறுநாள் அதே கேள்வியைத் திரும்ப எழுத வையுங்கள். ஒரு மார்க்குக்குப் புத்தகப் பின்பக்க வினாக்கள் போதாது. கூற்று, காரணம் வகைக் கேள்விகளைப் பிள்ளைகளே தயாரித்து ஒருவரை ஒருவர் கேட்கட்டும்.

தேர்வுக்கு முந்தின நாள் புதிதாக எதுவும் வேண்டாம். பாடத்துக்கு ஒரு கட்டாக அட்டைகளைக் குலுக்கிக் கையில் கொடுங்கள். வரிசையாக அடுக்கி, நடுவில் உள்ள ‘ஏன்’ எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் தூங்கச் சொல்லுங்கள்.