எஸ்எஸ்டிய ஹார்ட் டிஸ்க்கா நெனச்சு பண்ற தப்புங்க

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், எஸ்எஸ்டிக்குள்ள இருக்கிற ஃப்ளாஷ் சிப்ல எழுதுன எடத்துக்கு மேலயே திருப்பி எழுத முடியாது. எழுதுறது பேஜ் பேஜா, 4 கேபி, 16 கேபின்னு. அழிக்கிறது மட்டும் பிளாக் பிளாக்கா, அது எம்பி கணக்குல வரும். அதனால நீங்க ஒரு ஃபைல்ல 4 கேபி மாத்துனா கன்ட்ரோலர் (எஸ்எஸ்டிய உள்ள இருந்து நடத்துற சிப்) அத வேற எடத்துல எழுதிட்டு பழச செல்லாதுன்னு குறிச்சு வச்சுக்கும், அப்புறம் எடம் பத்தலன்னா அந்த பிளாக்ல மிச்சம் இருக்கிற நல்ல பேஜெல்லாம் வேற பக்கம் நகத்திட்டு மொத்தமா அழிக்கும். இதத்தான் ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன்னு சொல்றாங்க, நீங்க எழுதுனது கொஞ்சம், உள்ள எழுதுனது நெறைய.

இப்ப தப்புக்கு வரேன். ட்ரிம்ங்கிற கமாண்ட் ஓடுதான்னு பாக்காம விடுறது. ஃபைல டெலீட் பண்ணா ஃபைல்சிஸ்டம் தன்னோட கணக்குல மட்டும்தான் அடிச்சுக்குது, டிரைவுக்கு தெரியாது, ட்ரிம் போய் சொன்னாத்தான் தெரியும். இல்லன்னா குப்பையையும் பத்திரமா தூக்கி தூக்கி நகத்திக்கிட்டே இருக்கும். என் லினக்ஸ் லேப்டாப்ல லக்ஸ்னு டிஸ்க்க பூட்டுற என்க்ரிப்ஷன் போட்டிருந்தேன், டிஸ்க் விவரம் காட்டுற எல்எஸ்பிஎல்கே கமாண்ட பெரிய டி ஆப்ஷனோட ஓட்டி பாத்தா டிஸ்கார்ட் (ட்ரிம்முக்கு லினக்ஸ்ல பேரு) பத்தி இருக்கிற பத்தியெல்லாம் சைபர், அதாவது ட்ரிம் போகல! லக்ஸ் டீஃபால்ட்டா ட்ரிம்ம உள்ள விடாது, நாமதான் தெறந்து விடணும் (எந்த எடம் காலின்னு வெளிய தெரியும், அது ஓகேன்னா மட்டும்).

அதுக்காக ஈஎக்ஸ்டி4ங்கிற லினக்ஸ் ஃபைல்சிஸ்டத்துல டிஸ்கார்ட் மவுண்ட் ஆப்ஷன் போட்டு ஒவ்வொரு டெலீட்டுக்கும் ட்ரிம் அனுப்பவும் வேணாம், வாரம் ஒரு தடவ மொத்தமா ட்ரிம் அனுப்புற எஃப்எஸ்ட்ரிம் கமாண்ட் போதும். பிடிஆர்எஃப்எஸ்ங்கிற இன்னொரு ஃபைல்சிஸ்டம்னா லினக்ஸ் கெர்னல் 6.2ல இருந்து அதுவே சேத்து வச்சு மெதுவா அனுப்பிக்கும்.

டிஸ்க்க 98% ரொப்பி வைக்காதீங்க, நகத்த எடமே இல்லாம கன்ட்ரோலர் திணறும். டீஃப்ராக் (செதறி கெடக்குற ஃபைல் துண்டுங்கள ஒண்ணா அடுக்குறது) வேணவே வேணாம். ரைட்ட கொறைக்கிறேன்னு ஃபைல்சிஸ்டத்தோட ஜர்னல (மாத்தப் போறத முன்னாடியே குறிச்சு வைக்கிற பதிவு) ஆஃப் பண்றவங்களும் இருக்காங்க, கரண்ட் போனா அன்னைக்கு தெரியும்.

கோடு எழுதுறவங்க பண்றதுதான் இருக்கிறதுலயே மோசம். எஸ்க்யூலைட்ங்கிற டேட்டாபேஸ்ல 10,000 ரோ போடணும்னு லூப்ல ஒவ்வொண்ணா இன்சர்ட் பண்ணா ஒவ்வொண்ணும் தனி டிரான்சாக்ஷன், ஒவ்வொண்ணுக்கும் எஃப்சிங்க் (டிஸ்க்ல நெசமாவே எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிறது), நூறு பைட் டேட்டாவுக்கு முழு பேஜும் ஜர்னலும் எழுதும். மேல ஒரு பிகின், கீழ ஒரு கமிட் போட்டு பாருங்க, அதே லூப்தான், டீ ஆத்துறதுக்குள்ள முடிஞ்சிரும்.