கார்டிலைன்: நுனி கருகாத இலைக்குத்தான் விலை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய தோட்ட லயங்களின் வேலியோரம் சிவப்பாக நிற்குமே ஜெஞ்சுவாங், அதைத்தான் பூக்கடைக்காரர்கள் கார்டிலைன் என்று கேட்டு வாங்குகிறார்கள். மணவறை அலங்காரத்துக்கும் மலர்ச்செண்டுக்கும் இந்த இலை போகும். செடி லேசில் சாகாது. விற்கிற தரத்தில் இலை எடுப்பதுதான் பாடு.

முற்றிய தண்டை 10 முதல் 15 செ.மீ. துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் காய ஒருநாள் நிழலில் வையுங்கள். மணலும் தேங்காய் நார்த்தூளும் சரிபாதி கலந்து, அதில் படுக்கவைத்துப் பாதி புதைத்தால் கணுவில் முளை வரும். நாலைந்து இலை விட்டதும் வேரோடு பிரித்துப் பைக்கு மாற்றுங்கள். 20 செ.மீ. நுனிக்கொழுந்தை நேராக நட்டால் இன்னும் சீக்கிரம் இலை கிடைக்கும்.

30 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி வேண்டும். செடிக்குச் செடி 45, வரிசைக்கு வரிசை 60 செ.மீ. விடுங்கள். பிற்பகல் மழைநீர் தேங்கினால் அடித்தண்டு அழுகி நாறும். அந்தச் செடியைப் பிடுங்கி எறிவதே நல்லது. மேலே 50 சதவீத நிழல்வலை போதும். செம்பனைக்கு அடியில் இருட்டு அதிகம், சிவப்பு மங்கிப் பச்சையாகிவிடும். யூரியா மிஞ்சினாலும் அதே கதிதான்.

நுனி கருகுவதை வெயில் என்று நினைத்துப் பலர் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஃபுளோரைடு என்ற உப்பு. பல மாநிலங்களில் பற்களின் நலனுக்காகக் குழாய்நீரில் அதைக் கலக்கிறார்கள். தோட்டங்களில் போடும் பாறைப் பாஸ்பேட்டிலும், சூப்பர் பாஸ்பேட்டிலும் அது இருக்கிறது. வேர் உறிஞ்சியது இலைநுனியில் போய்ச் சேர்ந்து அங்கே திசுவைக் கொல்லும். நம் செம்மண்ணின் புளிப்பு இதை இன்னும் மோசமாக்கும். ஆகவே கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்துப் பாய்ச்சுங்கள். டோலமைட் சுண்ணாம்பு இட்டு மண்ணின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு) 6 முதல் 6.5 வரை வையுங்கள். பாஸ்பேட்டுக்குப் பதில் மக்கிய ஆட்டெரு போடுங்கள். கருகிய நுனி திரும்பாது, புது இலைதான் சுத்தமாக வரும்.

இலைக்கக்கத்தில் மாவுப்பூச்சி ஒளியும். லிட்டருக்கு 5 மி.லி. சோப்புக்கரைசல் அடியுங்கள், எறும்பையும் ஒழியுங்கள். மாவுப்பூச்சியைச் செடிவிட்டுச் செடி சுமப்பது எறும்புதான்.

விடியற்காலையில், முழுதாய் விரிந்து விறைத்த அடியிலைகளைக் காம்போடு வெட்டுங்கள். உச்சியில் ஆறு இலையாவது விடவேண்டும். உடனே நீரில் நிறுத்தி, பத்துப் பத்தாகக் கட்டி, ஈரத்தாளில் சுற்றுங்கள். 10 டிகிரிக்குக் கீழான குளிர்பெட்டியில் வைத்தால் இலை பழுப்பாகும். செடி நெட்டையாகிவிட்டால் தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள், பக்கமுளை வரும், வெட்டிய தண்டு அடுத்த பாத்திக்கு விதையாகும்.