பழைய பிரெஞ்சு பீங்கான் வாங்குறீங்களா? தட்டைக் கவுத்துப் பாக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பழைய பிரெஞ்சு பீங்கான்ல பிளாட்டர், சூப் டூரீன் (மூடி போட்ட சூப் பாத்திரம்), சாஸ் போட்னு பரிமாறுற சாமான் சேக்குறவங்க முக்காவாசி பேர் கைல எடுத்ததும் பண்ற முதல் வேலை, அதைக் கவுத்து அடில என்ன முத்திரைன்னு பாக்குறது. "லிமோஜ்"னு எழுதியிருந்தா போதும், பேரம்கூட பேசாம காசை எடுத்து நீட்டிடுவாங்க. முத்திரைய கடைசில பாருங்கன்னு சொன்னா யாரும் கேக்குறதில்ல.

முதல்ல, லிமோஜ் ஒரு கம்பெனியே கிடையாது, ஊரு. அதுக்குப் பக்கத்துல செந்த் இரியேங்கிற இடத்துல 1760கள் கடைசில கயோலின்னு வெள்ளைக் களிமண் கிடைச்சுது, 1771ல லிமோஜ்ல பீங்கான் சூளை ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஹாவிலாண்ட், பூயா, கெரின், லான்டெர்னியேன்னு வரிசையா ஃபேக்டரி வந்துச்சு. இதுல நல்லதும் இருக்கு, சுமாரும் இருக்கு. இன்னொரு கூத்து என்னன்னா அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல செப்ரிங்னு ஒரு ஊர்ல "லிமோஜ் சைனா கம்பெனி"ன்னே ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, அந்தத் தட்டை பிரெஞ்சுன்னு நம்பி வாங்குறவங்க இன்னிக்கும் இருக்காங்க.

நிஜ லிமோஜ் சாமான்ல பெரும்பாலும் ரெண்டு முத்திரை இருக்கும். மெருகுக்கு, அதாவது மேல பூசுற கண்ணாடி மாதிரி பூச்சுக்கு அடில, அனேகமா பச்சை கலர்ல இருக்குறது பாத்திரத்தை வார்த்த ஃபேக்டரியோடது. மெருகுக்கு மேல சிவப்புலயோ நீலத்துலயோ இருக்குறது பெயின்ட் பண்ணவங்களோடது. பச்சை மட்டும் இருந்து, மேல ரோஜாப்பூ படம் இருந்தா கொஞ்சம் நிதானிங்க. 19ஆம் நூற்றாண்டு கடைசில வெள்ளைத் தட்டா அமெரிக்காவுக்கு நிறைய ஏத்துமதி ஆச்சு, அங்க வீட்டுல இருந்த பெண்கள் அதை வாங்கி தாங்களே பெயின்ட் பண்ணாங்க, அது அப்போ பெரிய பொழுதுபோக்கு. போலின்னு சொல்ல மாட்டேன், சிலது ரொம்ப அழகாவும் இருக்கும், ஆனா ஃபேக்டரியிலயே வரைஞ்சதுக்கு உண்டான விலையைக் கொடுத்துடாதீங்க.

"ஃபிரான்ஸ்"ங்கிற வார்த்தை இருந்தா 1891க்கு அப்புறம்னு சொல்வாங்க. அமெரிக்காவோட மெக்கின்லி சட்டத்தால, இறக்குமதி சரக்குல நாட்டுப் பேர் போடணும்னு ஆச்சு, அதனால இது ஓரளவு சரிதான். ஆனா அந்த வார்த்தை இல்லன்னா அதுக்கு முந்தினதுன்னு தலைகீழா முடிவு பண்ணக் கூடாது, உள்நாட்டுல வித்த சாமானுக்கு அந்தச் சட்டம் எதுக்கு?

செவ்ர்னு இன்னொரு பிரெஞ்சு பீங்கான் இருக்கே, அது பக்கம் போனா இன்னும் மோசம். 1759ல ராஜாவே வாங்கின ஃபேக்டரி அது, ரெண்டு எல் எழுத்து ஒண்ணோட ஒண்ணு பின்னி இருக்குறதுதான் முத்திரை, நடுவுல வருஷத்துக்கு ஒரு எழுத்து, "ஏ" (A) போட்டிருந்தா 1753, "இ" (E) போட்டிருந்தா 1757. உலகத்துலயே அதிகமா காப்பி அடிக்கப்பட்ட முத்திரைகள்ல இதுவும் ஒண்ணு. நீலக் கரை, தங்க வேலை, நடுவுல பின்னாளில் பிரெஞ்சு ராணியான மேரி அன்டாய்னெட் படம், அடில "இ" எழுத்தோட ஒரு தட்டு உங்க கைக்கு வருதுன்னு வைங்க. 1757ல அந்தம்மா ரெண்டு வயசுக் குழந்தை! இதைக்கூட கணக்குப் போடாம வாங்குறாங்க. தேதி தெரியலன்னாலும் மண்ணு காட்டிக் கொடுத்துடும். அந்தக் காலத்து செவ்ர்ல கயோலின் கிடையாது, சாஃப்ட் பேஸ்ட்தான், அதுல பெயின்ட் மெருகுக்குள்ள ஊறின மாதிரி இருக்கும், கயோலின் சேத்த ஹார்ட் பேஸ்ட்ல மேலாப்புல நிக்கும், விரலால தடவினா மேடு தட்டும். 1757னு எழுத்து போட்டுட்டு உடம்பு ஹார்ட் பேஸ்ட்டா இருந்தா கதை முடிஞ்சுது. அடில எங்கயாவது தேச்செடுத்த மாதிரி மங்கலா ஒரு திட்டு தெரிஞ்சாலும் வேண்டாம், பாரிஸ்ல சாம்சன்னு 1845ல தொடங்கின கம்பெனி பழசைப் பாத்து காப்பி பண்றதையே தொழிலா வெச்சிருந்துச்சு, அவங்க போட்ட முத்திரைய சுரண்டிட்டு ஒரிஜினல்னு விக்கிறவங்க உண்டு.

இதுக்கு நேர் எதிரான தப்பும் நடக்குது. பழைய பாரிஸ் பீங்கான்ல நிறைய சாமானுக்கு முத்திரையே கிடையாது, அடி வெறுமையா இருக்குன்னு அருமையான தங்க வேலைப் பாத்திரத்தை வெச்சுட்டுப் போயிடுறாங்க, பக்கத்துல நிக்கிற டீலர் கமுக்கமா எடுத்துட்டுப் போறார்.

டூரீன் வாங்கும்போது மூடியை தனியா எடுத்து வெளிச்சத்துல பாத்திரத்துக்குப் பக்கத்துல வைங்க. ரெண்டோட வெள்ளையும் ஒரே வெள்ளையா? தங்கக் கோடு ரெண்டுலயும் ஒரே அளவு தேஞ்சிருக்கா? மூடி உக்காரும்போது ஆடுதா? வேற செட்டோட மூடியைக் கொண்டு வந்து ஜோடி சேத்து விக்கிறது சகஜம். ஹாவிலாண்ட்ல ஒரே வடிவத்துல எக்கச்சக்கமான பூ டிசைன் இருக்கு, போட்டோவைப் பாத்து ஆன்லைன்ல மூடி மட்டும் வாங்கினா பொருந்துறது அதிர்ஷ்டம்தான்.

ஒட்டு போட்டதைக் கண்டுபிடிக்க ஒரு யூவி டார்ச் வாங்கி வைங்க, இருட்டுல அடிச்சா ஒட்டை மறைக்க மேல பூசின பெயின்ட் பெரும்பாலும் வேற மாதிரி தெரியும். விரல் கணுவால மெதுவா தட்டுங்க, கணீர்னு கேக்காம மொத்துனு கேட்டா எங்கயோ விரிசல் இருக்கு.

வீட்டுக்கு வந்தப்புறம் பாழாக்குறதும் நிறைய. டிஷ்வாஷர்ல போட்டா தங்கம் போயிடும், மைக்ரோவேவ்ல வெச்சா பொறி பறக்கும், கறைக்கு பிளீச் ஊத்தினா விரிசல் வழியா உள்ள இறங்கி மெருகையே கெடுக்கும். மெருகுக்கு மேல இருக்குற பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், அதனால புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் அதுல வேண்டாம். அடுக்கும்போது தட்டுக்குத் தட்டு ஃபெல்ட் துணி போடுங்க, மேல இருக்குற தட்டோட அடி வளையம் மெருகில்லாம சொரசொரன்னு இருக்கும், கீழ இருக்குறதோட தங்கத்தை அதுதான் அரிக்கும். சுவத்துல மாட்டுற ஸ்பிரிங் கம்பி, ஏற்கெனவே மெல்லிசா விரிசல் விட்ட தட்டுக்கு ஆகவே ஆகாது, ஸ்டாண்ட்ல நிக்க வைங்க.