ஜூலை 1-க்கு முன்னால் கைமாற வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் லயன்ஸ் கிளப்புக்கு நான் இரண்டு முறை செயலாளராக இருந்திருக்கிறேன். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் என்னிடம் வந்து, "அக்கா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லயன்ஸ் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. நமக்கு அது நல்ல குளிர்காலம். போர்வை கொடுக்கும் வேலை பாதியில் இருக்கும்போதே தலைவர் மாறுகிறார். ஜூலை 18 மண்டேலா தினம். அவர் 67 ஆண்டுகள் மக்களுக்காக உழைத்ததை நினைத்து ஆளுக்கு 67 நிமிடம் சேவை செய்யும் நாள். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் என்று எல்லாரும் அன்றைக்கு நம்மைக் கூப்பிடுவார்கள். புதுத் தலைவர் அதற்குத் தயாராக இரண்டரை வாரம்கூட இருக்காது. அதனால் ஏப்ரலில் தேர்தல் முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலில் வங்கி. புதிதாகக் கையெழுத்துப் போடப் போகிறவர்களின் பெயரைக் கூட்டக் குறிப்பில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அடையாள அட்டையோடு மூன்று மாதத்துக்குள் வந்த முகவரிச் சான்றும் வேண்டும். தண்ணீர், கரண்ட் பில் போதும். ஒரு வருடம் பழைய பொருளாளர் ஜூனிலேயே ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டார், புதியவரின் கையெழுத்து இன்னும் ஏறவில்லை. மூன்று வாரம், இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் எங்கள் சூப் கிச்சனுக்கு ரொட்டியும் பீன்ஸும் எங்கள் கைக்காசில்தான் வாங்கினோம். புதுக் கையெழுத்தில் ஒரு பணம் போய்ச் சேர்ந்த பிறகே பழையதை நீக்குங்கள்.

கிளப் என்.பி.ஓ.வாக, அதாவது லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவாகியிருந்தால், புது நிர்வாகிகளின் பெயர், முகவரியை ஒரு மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் போக வேண்டும். இந்த இரண்டு தேதியையும் காலண்டரில் குறித்தே கொடுங்கள்.

அப்புறம் வீல்சேர் நோட்டு, அதாவது கிளப் வீல்சேரை யார் வாங்கிப் போயிருக்கிறார் என்று எழுதிவைக்கும் நோட்டு. என்னைக் கேட்டால் கிளப்பிலேயே பெரிய சொத்து அதுதான். நான் முதல் தடவை பொறுப்பேற்றபோது கணக்கில் பதினொரு வீல்சேர் இருந்தது, ஸ்டோர்ரூமில் ஆறுதான் நின்றது. நோட்டில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். ஒரு வீட்டில் பெரியவர் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. நாற்காலியைத் துடைத்து, மடக்கி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார் மகன். "எத்தனையோ தரம் போன் பண்ணினேன் ஆன்ட்டி, யாருமே எடுக்கவில்லை" என்றார். கைப்பிடியில் ஒட்டியிருந்தது எனக்கு முன்னால் இருந்த செயலாளரின் சொந்த நம்பர், அதை அவர் மாற்றியிருந்தார். அந்த எட்டு மாதத்தில் வீல்சேர் கேட்டு வந்த எத்தனை பேரை இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்போம்! மறுவாரமே கிளப் பெயரில் ஒரு சிம் வாங்கி, எல்லா நாற்காலியிலும் அந்த நம்பரை ஒட்டினோம். இப்போது ஆள் மாறினாலும் நம்பர் மாறுவதில்லை. நீங்களும் இதைச் செய்யுங்கள். நோட்டில் வாங்கியவர் நம்பரோடு, பக்கத்து வீட்டுக்காரர் அல்லது உறவுக்காரர் நம்பரும் எழுதுங்கள்.

பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சேகரிக்க நாம் வைக்கும் பெட்டிகளும் அப்படித்தான். 1925-இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பேசிப் பார்வையற்றோருக்காக உதவி கேட்டதிலிருந்து கண் சேவை நம்மோடு ஒட்டிக்கொண்டது. எந்தக் கடையில், எந்தக் கோயிலில் பெட்டி இருக்கிறது, யார் எடுக்கிறார் என்று ஒரு பட்டியல் போதும்.

பதவியேற்பு விழாவை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்கும் மண்டபத்துக்கும் போகும் பணத்தில் எத்தனையோ போர்வை வாங்கலாம். பழைய தலைவர் விழாவோடு ஒதுங்கிவிடக் கூடாது. முதல் இரண்டு மாதம் புதியவரைக் கூட்டிக்கொண்டு சூப் கிச்சனுக்குப் போகட்டும். அங்கே வரிசையை ஒழுங்குபடுத்தும் பாட்டி, ரொட்டியை விலை குறைத்துத் தரும் கடைக்காரர், இவர்களுக்கெல்லாம் புது முகத்தை நேரில் காட்ட வேண்டும். வாட்ஸ்ஆப்பில் பெயர் அனுப்பினால் சரிவராது.

கடைசியாகச் சாவி. எங்கள் ஸ்டோர்ரூமுக்கு மூன்று இருக்கிறது: தலைவரிடம் ஒன்று, செயலாளரிடம் ஒன்று, கோயில் அலுவலக மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒன்று. மூன்றாவது இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதையும் எழுதிக் கொடுங்கள்.