சென்னைக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? வாடகையைக் கேட்கும் முன் தண்ணீரைக் கேளுங்கள்

திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்தபோது நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். வாடகை கட்டுப்படியாகிறதா, ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்து வீட்டைப் பிடித்துவிட்டோம். ஏப்ரலில் போர்வெல் வற்றியது. நவம்பரில் வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஒரே வீடு, ஒரே வருஷம். நீங்கள் இந்த வரிசையில் செய்யுங்கள்.

படி 1: ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது

வேலைக்குப் போகும் இடத்தையும் பிள்ளைகள் படிக்கப்போகும் பள்ளியையும் வைத்து நான்கைந்து பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் கணக்கை நம்ப வேண்டாம். வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கு அந்த வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மின்சார ரயிலோ மெட்ரோவோ நடந்து போகும் தூரத்தில் இருந்தால் ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம்.

அடுத்தது மேடா பள்ளமா என்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, புரோக்கரிடம் கேட்கவே வேண்டாம். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். இரண்டாவது வீடு தேடும்போது நான் அப்படி ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். அப்படியே திரும்பிவிட்டேன்.

பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை. அதைத் தூர்த்துத்தான் 1920களில் தி.நகரை உருவாக்கினார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடங்களில் எத்தனை புது அடுக்குமாடி வந்தாலும், மழை நீர் வந்து சேரும் இடம் அதுதான்.

படி 2: வீட்டைப் பார்ப்பது

சாயங்காலம் காற்றாடப் போய்ப் பார்த்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மதியம் மூன்று மணிக்குப் போங்கள். படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். கை சுட்டால் ராத்திரி பத்து மணி வரை அந்தச் சுவர் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு என்றால் வாடகையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். அந்த லாபத்தை ஏசி ஓடி ஓடி கரண்ட் பில் சாப்பிட்டுவிடும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். கடற்கரைப் பக்கம் சீக்கிரம் வந்துவிடும். ஆவடி, பூந்தமல்லி பக்கம் போய்ச் சேர நேரமாகும், சில நாள் சேராமலே போகும்.

அப்புறம் தண்ணீர். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சம்ப் (தரைக்கடித் தொட்டி) எத்தனை லிட்டர், கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவார்களா, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் முழுக்கதையும் வந்துவிடும்.

குளியலறைக் குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருக்கிறதா பாருங்கள். கையில் சோப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். நுரையே வரவில்லை என்றால் உப்புத் தண்ணீர். குடிக்கக் கேன் வாங்கிக்கொள்ளலாம், தலைமுடிக்கு என்ன செய்வீர்கள்?

படி 3: அட்வான்ஸும் அக்ரிமென்ட்டும்

தமிழ்நாட்டின் இப்போதைய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. அந்த ‘வேறு விதமாக’ என்ற இடத்தில்தான் வீட்டுக்காரர்கள் நுழைகிறார்கள். ஆறு மாதம், பத்து மாதம் என்று ஆரம்பிப்பார்கள், பேசினால் இறங்கும். காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிடுங்கள். எங்களிடம் வாய்ப்பேச்சில் ‘கொஞ்சம்’ என்று சொன்னவர், கடைசியில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் தனி ஈபி மீட்டர் இருக்க வேண்டும். சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை. அரசு கொடுக்கும் இலவச யூனிட் உங்களுக்கு வந்து சேராது.

படி 4: எப்போது வருவது

பிள்ளைகளின் தேர்வு முடிந்த கையோடு வீடு தேட ஆரம்பியுங்கள். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும், அலைவது கஷ்டம்தான். ஆனால் தண்ணீர்க் கஷ்டமும் சூடும் மறைக்க முடியாதபடி தெரிவது அப்போதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை லாரியில் சாமான் ஏற்றாதீர்கள். பள்ளிக்கூடக் கவலை இல்லாதவர்களுக்கு ஒரு சூட்சுமம்: ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், வீடுகள் காலியாகக் கிடக்கும். ஆடியில் பேசி முடித்து, ஆவணியில் பால் காய்ச்சலாம்.

படி 5: கிளம்பும் முன்

பள்ளியில் டி.சி. வாங்கும்போது எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் அடையாள எண்) குறித்து வாங்குங்கள். கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு முகவரியை வந்த பிறகு ஆன்லைனில் மாற்றிக்கொள்ளலாம். ஊரிலிருந்து அம்மா அப்பா பஸ்ஸில் வந்தால், தென்மாவட்ட பஸ்கள் இப்போது கோயம்பேடு வருவதில்லை, கிளாம்பாக்கத்தோடு சரி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பால் காய்ச்சும் பாத்திரம், கரண்ட் அடுப்பு, ஒரு டேபிள் ஃபேன், இரண்டு கேன் தண்ணீர் ஆகியவற்றை லாரியில் ஏற்றாமல் உங்களோடு காரில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் லாரி மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தது.