முதுகுவலிக்குள் ஒளிந்திருக்கும் இரத்தப் புற்றுநோய்: கோட்டை விடும் இடங்கள்

தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தோம், கடையில் அரிசி மூட்டை தூக்கினோம் என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டால், முதுகுவலியை அதோடு விட்டுவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அப்படித்தான், பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் அப்படித்தான். பெரும்பாலும் அந்தக் காரணம் சரியாகவே இருக்கும். ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்து, ஆறு வாரமாகியும் விடாத வலிக்கு அது போதாது. சோர்வு, மெலிவு, அடிக்கடி சளிக்காய்ச்சல் சேர்ந்திருந்தால் ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜையிலுள்ள, நோய் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் தோன்றுகிறது. எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிட்டு, கட்டும் செல்களை அடக்கிவிடும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது கூடுதலாக வந்தாலும், இந்திய வம்சாவளியினரான நமக்கு வராது என்பதில்லை.

“படுத்தால் வலி குறைகிறது, தசைப்பிடிப்புதான்” என்பது முதல் தவறு. மைலோமா வலியும் பெரும்பாலும் அசைந்தால் கூடும், படுத்தால் தணியும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று நிம்மதியடைவது அடுத்தது. எலும்பின் தாது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். சந்தேகம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் வேண்டும்.

அதிகச் சேதம் செய்வது வலி மாத்திரை. இந்த நோயில் பெருகும் புரதத் துண்டுகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கின்றன. அந்த நேரத்தில் ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கலந்த பொடி என்று நாள்தோறும் விழுங்கினால் சிறுநீரகம் சட்டென்று செயலிழக்கலாம். மலச்சிக்கல் தரக்கூடிய கோடீன் என்ற வலி மருந்து கலந்த மாத்திரைக்கு இன்னொரு சிக்கல். எலும்பு கரைந்து இரத்தத்தில் கால்சியம் ஏறினால் மலச்சிக்கல் வரும். பழியை மாத்திரையின் மேல் போட்டு, கால்சியம் ஏறியதைக் கவனிக்காமல் விடுவோம். தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் சர்க்கரை நோயாலேயே என்று எண்ணுவதும் நம் வீடுகளில் எளிது. சர்க்கரை அளவு சரியாக இருந்தும் தாகம் அடங்கவில்லையா? கால்சியம் பாருங்கள்.

மருத்துவரிடம் இரத்த அணுக்கள் எண்ணிக்கை, இ.எஸ்.ஆர். (இரத்தச் சிவப்பணு படியும் வேகம்), கிரியேட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டுவது), கால்சியம் ஆகியவற்றோடு, இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸ், மேலே சொன்ன புரதத் துண்டுகளை அளக்கும் ஃப்ரீ லைட் செயின் இரண்டையும் பெயர் சொல்லியே கேளுங்கள். எலக்ட்ரோஃபோரெசிஸ் மட்டும் செய்தால் சிலருக்கு நோய் தப்பிவிடும். சிறுநீரில் முக்கும் பட்டைச் சோதனையை நம்ப முடியாது. அது காட்டுவது பெரும்பாலும் ஆல்புமின் என்ற வேறொரு புரதத்தை, இந்த நோயின் புரதத்தை அல்ல.

தென்னாப்பிரிக்காவில் காசநோய் அதிகம், அது முதுகெலும்பையும் தாக்கும். காய்ச்சலும் மெலிவும் இருந்தாலே காசநோய் என்று முடிவு கட்டாமல், திசுப் பரிசோதனையால் உறுதி செய்யச் சொல்லுங்கள். காரணம் தெரியும்வரை முதுகை அழுத்திப் பிடித்துவிடுவதும், சொடக்கு எடுப்பதும் கூடவே கூடாது. அரித்த எலும்பு நொறுங்கிவிடும்.

கால் தளர்ந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ தண்டுவடம் நசுங்குகிறது என்று கொள்ளுங்கள். கிளினிக் திறக்கட்டும் என்று விடியும்வரை இருக்க வேண்டாம், அப்போதே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.