பழைய அலுமாரியின் பூர்வீகத்தைத் தேடும் முறை

மட்டக்களப்பில் தாய்வழி வந்த பழைய அலுமாரியையோ சாய்மனைக் கதிரையையோ பொலிஷ் செய்யக் கொடுப்பதற்கு முன்னர், அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குங்கள். ஓடாவியார் அரத்தாளால் தேய்த்துவிட்டால் பல தடயங்கள் அத்துடன் போய்விடும்.

முதலில் லாச்சியை முழுவதுமாக இழுத்துக் கவிழ்த்து வையுங்கள். மெருகு காணாத அடிப்பலகையே மரத்தின் இயல்பைக் காட்டும். முதிரையாயின், வெளிர் மஞ்சளான பலகை வெளிச்சத்தில் சாய்க்கும்போது பட்டுச்சேலை போல மினுங்கும். கருங்காலியின் துண்டு தண்ணீரில் அமிழும். பாரமான எதையும் தேக்கு என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் தேக்கு இலங்கையின் சுதேச மரமன்று.

அடுத்து வாளின் தடத்தைப் பாருங்கள். ஒழுங்கற்ற நேர்கோடுகள் கைவாளுடையவை. வில்லாக வளைந்தவை வட்டவாளுடையவை, ஆகவே பிற்காலத்தவை. கூர்நுனியற்ற திருகாணி பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டதாயினும், பழைய ஆணியை மீண்டும் பயன்படுத்துவோர் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. அலுமாரி, கதிரை, மேசை ஆகிய சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை என்பதற்காகப் பொருளையும் 1638 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றுவதற்கு முந்தியதாக்கிவிட வேண்டாம்.

குடும்ப வரலாற்றைத் தந்தையின் பெயரிலிருந்து தொடங்குவதே பலர் விடும் பிழை. இங்கு வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதால், பாரமான தளபாடம் வீட்டோடு நின்று பெண்வழியே கைமாறியிருக்கும். எனவே அம்மம்மா, அவருடைய தாய் எனப் பின்னோக்கிச் சென்று, சீதன உறுதிகளிலுள்ள பெயர்களையும் ஆண்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். முதியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பதில் வராது, "1978 சூறாவளிக்கு முதல் இது எந்த அறையில் நின்றது?" என்று கேட்டால் கதையே வரும். எங்கள் அலுமாரியின் கால்களில் ஒரு சாண் உயரத்தில் இருந்த கறுத்த கோடு, அந்தச் சூறாவளியில் கூரை போனபின் மழைநீர் நின்ற மட்டம் என்பதைப் பெரியம்மா சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் பொலிஷ்காரர் அதைத் துடைத்தழித்திருந்தார்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் கேட்டாலும் உடனே அனுப்பிவிடாதீர்கள். 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருள் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படக்கூடும்; அதை ஏற்றுமதி செய்யத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி தேவை.

திரட்டிய விபரங்களைத் தாளில் எழுதி, உறையிலிட்டு லாச்சிக்குள் வையுங்கள். மரத்தில் ஒட்ட வேண்டாம்.